இறங்கிய இ.எஸ்.ஆர்., இறங்காத காய்ச்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இ.எஸ்.ஆர். என்பது, நிமிர்ந்த குழாயில் வைத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. கீழே படிகின்றன என்ற அளவு. அது ஏறினால் கவலை, இறங்கினால் நிம்மதி என்றுதான் பெரும்பாலோர் அந்த எண்ணைப் படிக்கிறார்கள். பல நேரங்களில் இதனால் கெடுதல் ஏதும் வருவதில்லை. கெடுதல் வரக்கூடிய ஒரு சூழலை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இது தனிப்பட்ட ஒருவரின் மருத்துவப் பதிவேடு அல்ல. இந்த நோயில் வழக்கமாகக் காணும் போக்கை வைத்து, பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு.

நிகழ்வு

8 வயதுச் சிறுமி, எடை 24 கிலோ. மூன்று வாரங்களாக நாள்தோறும் மாலையில் 39.5 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சல் ஏறி, காலையில் முற்றிலும் தணிந்துவிடுகிறது. காய்ச்சல் ஏறும் வேளையில் மார்பிலும் தொடையிலும் வெளிர்சிவப்புத் தடிப்புகள் தோன்றி, சில மணி நேரத்தில் தடமின்றி மறைகின்றன. இரு முழங்கால்களிலும் ஒரு மணிக்கட்டிலும் வீக்கம். கழுத்தில் நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றன. மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுகிறது.

சேர்க்கை நாளில் இ.எஸ்.ஆர். 112 மி.மீ., சி.ஆர்.பி. (அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் புரதம்) லிட்டருக்கு 148 மி.கி., ஹீமோகுளோபின் 9.4 கிராம், வெள்ளணுக்கள் 21,400, தட்டணுக்கள் 5,80,000, ஏ.எஸ்.டி. (கல்லீரல் பாதிக்கப்பட்டால் கூடும் நொதி) 34, ஃபெர்ரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) மில்லிலிட்டருக்கு 1,150 நானோகிராம். இரத்த வளர்ப்பில் கிருமி வளரவில்லை. எலும்பு மஜ்ஜையில் இரத்தப் புற்றுக்கான அறிகுறி இல்லை. உடல் முழுவதையும் தாக்கும் சிறார் மூட்டழற்சி என்று முடிவு செய்யப்பட்டு, நப்ராக்சன் என்ற வலி, அழற்சி தணிக்கும் மருந்து தொடங்கப்பட்டது. மஜ்ஜையைப் பார்க்கும்வரை ஸ்டீராய்டு கொடுக்காமல் காத்திருந்தது முறையான முடிவு. முன்கூட்டியே கொடுத்திருந்தால், இரத்தப் புற்று இருந்தாலும் அது சோதனையில் தெரியாமல் மறைக்கப்பட்டிருக்கக்கூடும்.

6-ஆம் நாள்: இ.எஸ்.ஆர். 74, சி.ஆர்.பி. 156, ஹீமோகுளோபின் 8.9, வெள்ளணுக்கள் 11,800, தட்டணுக்கள் 3,10,000, ஏ.எஸ்.டி. 71.

9-ஆம் நாள்: இ.எஸ்.ஆர். 22, சி.ஆர்.பி. 139, ஹீமோகுளோபின் 8.1, வெள்ளணுக்கள் 4,900, தட்டணுக்கள் 1,38,000, ஏ.எஸ்.டி. 214.

9-ஆம் நாள் காலையில் மூட்டு வீக்கம் வடிந்திருந்தது. இ.எஸ்.ஆரும் 22-க்கு வந்துவிட்டதால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால் காய்ச்சல் தன் முறையை மாற்றியிருந்தது. காலையில் தணியாமல் நாள் முழுக்க நீடித்தது. குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாள். கல்லீரல் பெருத்திருந்தது. ஊசி போட்ட இடங்களில் கன்றல் தெரிந்தது.

குழாய்க்குள் நடப்பது

22 என்ற எண்ணைப் புரிந்துகொள்ள, குழாயில் எதை அளக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சிவப்பணுவின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் இருப்பதால் அது எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே மின்னூட்டமுள்ள அணுக்கள் ஒன்றையொன்று விலக்குவதால், தனித்தனி அணுக்களாக மிக மெதுவாகவே இறங்கும். பிளாஸ்மாவில் உள்ள பெரிய, நீண்ட புரதங்கள் இந்த விலக்கத்தைக் குறைக்கின்றன. அப்போது அணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல ஒட்டிக்கொள்கின்றன. இந்த அடுக்குக்கு ரூலோ என்று பெயர். விழும் பொருளின் வேகம் அதன் ஆரத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், அடுக்கு பெரிதானால் இறக்கம் சட்டென வேகமெடுக்கும்.

இதைச் செய்யும் புரதங்களில் முதலிடம் இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜனுக்கு. அடுத்தது நோய் எதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின்கள். சி.ஆர்.பி. என்பது அழற்சியின் அடையாளமே தவிர, அணுக்களை ஒட்டவைப்பதில் அதற்கு அவ்வளவு பங்கில்லை. ஆகவே இ.எஸ்.ஆர். அழற்சியை நேரடியாக அளப்பதில்லை. அழற்சியால் கல்லீரல் மிகுதியாகச் செய்யும் ஃபைப்ரினோஜன் இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சுற்றுவழியில் காட்டுகிறது. 'மிஞ்சியிருக்கிறது' என்பதில்தான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது.

போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி 1897-லேயே இதைக் கண்டார். படிவின் வேகம் ஃபைப்ரினோஜனைப் பொறுத்தது என்றும், ஃபைப்ரின் நீக்கிய இரத்தம் மெதுவாகப் படிகிறது என்றும் அவர் காட்டினார். 1918-இல் ஸ்வீடனின் ராபின் ஃபோரியஸ் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இதை ஆராய்ந்தார். 1921-இல் ஆல்ஃப் வெஸ்டர்கிரன் காசநோயாளிகளிடம் பயன்படுத்திய முறைதான் இன்றும் அளவுகோலாக இருக்கிறது.

ஒரு மணி நேரமும் ஒரே வேகத்தில் படிவதில்லை. முதல் 10 நிமிடம் அடுக்குகள் உருவாகும், இறக்கம் குறைவு. அடுத்த 40 நிமிடம் வேகமாக இறங்கும். கடைசி 10 நிமிடம் அடியில் நெருக்கமாகத் தங்கும். 30 நிமிட அளவை இரண்டால் பெருக்கி எழுதுவது அதனால்தான் தவறு. சில கருவிகள் 30 நிமிடத்திலேயே முடிவு தருகின்றன என்றால், அவை தமக்கென நிறுவிய மாற்றுக் கணக்கை வைத்திருக்கின்றன. சில விநாடிகளில் முடிவு தரும் ஒளிமானிக் கருவிகள் படிவை அளப்பதே இல்லை. அடுக்கு உருவாகும் கட்டத்தை மட்டும் அளந்து மதிப்பிடுகின்றன. நேற்று ஒரு முறையிலும் இன்று வேறொரு முறையிலும் எடுத்த எண்களைக் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. நம் நிகழ்வில் மூன்று முறையும் ஒரே வெஸ்டர்கிரன் முறைதான்.

முதல் சந்தேகம் இரத்த மாதிரியின் மேல்

மூன்றே நாளில் 74-இலிருந்து 22. முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமுள்ள பரிசோதனைக்கூடம் இந்த இடத்தில் அறிக்கையை நிறுத்தி வைக்கும். நிறுத்தியபின் எதைப் பார்ப்பது?

முதலில் கட்டி. இரத்தம் எடுக்கும்போது ஊசி சிரையில் சரியாக அமையாமல் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, குழாயை உடனே கலக்காவிட்டாலோ சிறு உறைகட்டிகள் உருவாகும். உறையும்போது ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் என்ற இழையாக மாறிச் செலவாகிவிடும். மீதி இரத்தம் மெதுவாகப் படியும். தட்டணுக்களும் கட்டியில் சிக்கி எண்ணிக்கையில் குறையும், வெள்ளணுக்களும் ஓரளவு குறையும். அதாவது 9-ஆம் நாளின் இ.எஸ்.ஆர்., தட்டணு, வெள்ளணு ஆகிய மூன்று வீழ்ச்சிகளையும் ஒரே ஒரு கெட்ட மாதிரியால் விளக்கிவிடலாம். குழந்தைகளிடம் இரத்தம் எடுப்பதில் இது அடிக்கடி நேர்வதும்கூட. மரக்குச்சியை குழாயின் அடிவரை விட்டுச் சுழற்றி எடுத்தால், கட்டி இருந்தால் குச்சியில் ஒட்டி வரும். இங்கே ஒன்றும் வரவில்லை.

அடுத்து நேரம். அறை வெப்பத்தில் வைத்த இரத்தத்தை 4 மணி நேரத்துக்குள் குழாயில் ஏற்ற வேண்டும். தாமதித்தால் அணுக்கள் உருண்டை வடிவத்தை நோக்கி மாறி, ஒட்டும் திறன் குறைந்து, எண் பொய்யாக இறங்கும். இ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்பான் சேர்த்த இரத்தத்தை 4 டிகிரியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். ஆனால் குளிரோடு ஏற்றக்கூடாது; அறை வெப்பத்துக்கு வந்தபின், நன்றாகக் கலந்தபின் ஏற்ற வேண்டும். குளிர்ந்த பிளாஸ்மா தடித்திருப்பதால் அணுக்கள் மெதுவாக இறங்கும்.

மூன்றாவது கலப்பு விகிதம். 4 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு சோடியம் சிட்ரேட் (இதுவும் உறைதடுப்பான்), அதாவது 1.6 மி.லி. இரத்தத்துக்கு 0.4 மி.லி. சிட்ரேட். இ.டி.டி.ஏ. இரத்தம் என்றால் அதே விகிதத்தில் சிட்ரேட்டோ உப்புக்கரைசலோ சேர்க்க வேண்டும். சிட்ரேட் குழாயில் குறிக்கோடு வரை இரத்தம் நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்து, எண் நம்பத்தகாததாகிவிடும். குழந்தைகளிடம் 1 மி.லி. மட்டும் கிடைத்தது, பரவாயில்லை, ஏற்றிவிடலாம் என்ற சலுகை இந்தச் சோதனையில் கிடையாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழாய் 300 மி.மீ. நீளம், சுமார் 2.5 மி.மீ. உள்விட்டம், 0 முதல் 200 வரை கோடுகள். குமிழி இல்லாமல் 0 கோடு வரை ஏற்ற வேண்டும். வாயால் உறிஞ்சவே கூடாது. 18 முதல் 25 டிகிரி வெப்பம், வெயில் படாத இடம், சென்ட்ரிஃப்யூஜ் ஓடும் மேசையிலிருந்து விலகிய தாங்கி. சரியாக 60 நிமிடத்தில், தெளிந்த பிளாஸ்மாவும் அணுக்களும் பிரியும் கோட்டைப் படிக்க வேண்டும். எல்லை மங்கலாக இருந்தால் சிவப்பு முழு அடர்த்தி பெறும் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழாயின் சாய்வைப் பலரும் முதலில் சந்தேகிப்பார்கள். 3 டிகிரி சாய்வே எண்ணை 30 சதவீதம் வரை மாற்றிவிடும். ஆனால் சாய்வு எண்ணை ஏற்றுமே தவிர இறக்காது. சாய்ந்த குழாயில் அணுக்கள் கீழ்ச் சுவரில் சேர்ந்து வழுகி இறங்க, பிளாஸ்மா மேற்சுவரை ஒட்டித் தடையின்றி ஏறிவிடுகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் பாய்காட் 1920-இல் விவரித்த விளைவு இது. எண் குறைந்ததற்குக் காரணம் தேடும்போது தாங்கியின் மட்டத்தை ஆராய்வது நேர விரயம். வெப்பம் மிகுவதும் அப்படித்தான், ஏற்றும் பக்கத்தது. எந்தப் பிழை எந்தத் திசையில் இழுக்கும் என்று தெரிந்திருந்தால் தேட வேண்டியது பாதியாகக் குறையும்.

புதிதாக எடுத்த சிட்ரேட் மாதிரியில் இ.எஸ்.ஆர். 20 வந்தது. அதே வேளை எடுத்த இ.டி.டி.ஏ. குழாயில் தட்டணுக்கள் 1,34,000. இரத்தப் பூச்சுத் தகட்டிலும் தட்டணுக்கள் திரளாகக் கூடியிருக்கவில்லை. முதல் நாள் தகட்டில் ஏராளமாகத் தெரிந்த ரூலோ அடுக்குகள் இப்போது இல்லை. எண் உண்மையானது.

வரிசை தலைகீழ்

ஓர் அழற்சி உண்மையிலேயே தணியும்போது எது முதலில் இறங்கும்? சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம். உற்பத்தி நின்றால் நாளுக்கு நாள் பாதிக்கு மேல் குறையும். ஃபைப்ரினோஜனின் அரை ஆயுள் ஏறத்தாழ 4 நாள், ஐ.ஜி.ஜி. வகை இம்யூனோகுளோபுலினுக்கு 3 வாரம். ஆகவே குணமடையும் நோயாளியிடம் சி.ஆர்.பி. முன்னே இறங்கும், இ.எஸ்.ஆர். பல நாள், சில வேளை வாரக்கணக்கில், பின்தங்கும். இங்கே சி.ஆர்.பி. 148, 156, 139 என்று ஏறத்தாழ அசையாமல் நிற்க, இ.எஸ்.ஆர். மட்டும் சரிந்திருக்கிறது. இப்படி இறங்குவது குணத்தின் வரிசையல்ல.

இன்னொரு தடயம் ஹீமோகுளோபின். இரத்தசோகையில் அணுக்கள் குறைவாக இருப்பதால் இறங்குவனவற்றுக்கு இடைஞ்சல் குறைந்து, இ.எஸ்.ஆர். ஏற வேண்டும். 9.4-இலிருந்து 8.1-க்குச் சோகை கூடியிருக்கிறது, இ.எஸ்.ஆரோ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. ஏற்றிவிடக்கூடிய காரணம் ஒன்று வலுத்தும் எண் இறங்குகிறது என்றால், ஒட்டவைக்கும் புரதமே காணாமல் போயிருக்க வேண்டும்.

அணுக்களின் வடிவக் கோளாறா என்றால் அதுவும் இல்லை. அரிவாளணு நோய், கோளவணு நோய், அணுக்கள் மிகச் சிறுத்துப்போன நிலைகள், சிவப்பணு மிகைப்பு ஆகியவற்றில் இ.எஸ்.ஆர். குறைவாக இருக்கும். ஆனால் இவை ஒரே வாரத்தில் தோன்றுபவையல்ல. முதல் நாள் 112 மி.மீ. படிந்த அதே அணுக்கள்தானே இவை.

ஃபைப்ரினோஜனை அளந்தார்கள். டெசிலிட்டருக்கு 118 மி.கி. இயல்பளவு ஏறக்குறைய 200 முதல் 400 வரை; இவ்வளவு அழற்சியுள்ள குழந்தையிடம் 500-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். உறைகட்டி சிதையும்போது உண்டாகும் டி-டைமர் மிக உயர்ந்திருந்தது, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம் நீண்டிருந்தது. ஃபெர்ரிட்டின் 14,600. இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 312.

பெயர் வைப்பது

உடலின் பெருவிழுங்கணுக்களும் டி-அணுக்களும் கட்டுப்பாடு இழந்து, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களைப் பொழிந்து, இரத்த அணுக்களையே விழுங்கும் நிலைக்கு மேக்ரோஃபேஜ் செயலூக்க நோய்க்குறி என்று பெயர். உடல் முழுவதையும் தாக்கும் சிறார் மூட்டழற்சியின் உயிராபத்தான சிக்கல் இது. கல்லீரல் பாதிக்கப்படுவதால் ஃபைப்ரினோஜன் உற்பத்தி குறைகிறது, இரத்தக் குழாய்களுக்குள் உறைவு தூண்டப்படுவதால் இருப்பதும் செலவாகிறது. கெட்ட மாதிரியில் குழாய்க்குள் நடப்பது இங்கே உடலுக்குள்ளேயே நடக்கிறது. அதனால்தான் இரண்டும் அதே எண்ணைத் தருகின்றன. முன்னதை விலக்காமல் பின்னதைச் சொல்ல முடியாது.

2016-இல் வெளியான வகைப்பாட்டு அளவைகளின்படி, இந்த மூட்டழற்சி உள்ள அல்லது இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் காய்ச்சல் நோயாளியிடம் ஃபெர்ரிட்டின் 684-ஐத் தாண்டி, கூடவே பின்வருவனவற்றில் இரண்டு இருந்தால் போதும்: தட்டணுக்கள் 1,81,000 அல்லது அதற்குக் கீழ், ஏ.எஸ்.டி. 48-க்கு மேல், ட்ரைகிளிசரைடு 156-க்கு மேல், ஃபைப்ரினோஜன் 360 அல்லது அதற்குக் கீழ். இந்தக் குழந்தைக்கு நான்குமே பொருந்தின. ஃபைப்ரினோஜனுக்கான வரம்பு 360 என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான அறிக்கையில் அது 'இயல்பு' என்றே அச்சாகும். அழற்சி மிகுந்த உடலுக்கு இயல்பளவே பற்றாக்குறை.

தட்டணுவுக்கும் இதே நியாயம்தான். 6-ஆம் நாள் 3,10,000 என்பது அறிக்கையில் எந்தக் குறியும் இல்லாமல் கடந்து போகும் எண். ஆனால் ஐந்து நாளில் 5,80,000-இலிருந்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அன்றைக்கே ஏ.எஸ்.டி.யும் இரண்டு மடங்காகியிருந்தது. அன்று ஃபெர்ரிட்டினும் ஃபைப்ரினோஜனும் பார்த்திருந்தால் மூன்று நாள் கிடைத்திருக்கும். எங்கள் கணிப்பில் இந்த நிகழ்வின் உண்மையான தவறவிட்ட வாய்ப்பு 9-ஆம் நாள் அல்ல, 6-ஆம் நாள்.

கிருமித்தொற்றால் வரும் செப்சிஸை இந்த எண்களால் மட்டும் விலக்க முடியாது; அதிலும் உறைவு பரவி ஃபைப்ரினோஜன் குறையலாம். எனவே மீண்டும் இரத்த வளர்ப்புக்கு அனுப்பி, முடிவு வரும்வரை நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் போன்ற தூண்டிகளும் தேடப்பட்டன. மஜ்ஜையில் அணுவிழுங்கல் தெரிந்தால்தான் சிகிச்சை என்று காத்திருக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் அது தெரியாமலும் போகலாம்.

சிகிச்சையும் மறுபடி ஏறிய எண்ணும்

மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 30 மி.கி. வீதம், அதாவது 720 மி.கி., மூன்று நாள் சிரை வழியாகக் கொடுக்கப்பட்டது. நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் சேர்க்கப்பட்டது. போதாமல் போனால், சைட்டோகைன் ஒன்றைத் தடுக்கும் அனகின்ரா கொடுப்பதாகத் திட்டம். இரத்தக்கசிவு இல்லாததால், ஃபைப்ரினோஜன் செறிந்த இரத்தப் பொருளான கிரையோபிரெசிபிடேட் ஏற்றவில்லை.

12-ஆம் நாள் காய்ச்சல் நின்றது. சி.ஆர்.பி. 41, ஃபெர்ரிட்டின் 5,200, தட்டணுக்கள் 1,90,000, ஃபைப்ரினோஜன் 240. இ.எஸ்.ஆர். 38.

20-இலிருந்து 38-க்கு ஏறியதைப் பார்த்து நோய் திரும்புகிறது என்று பதறியிருந்தால் அதுவும் பிழையாகியிருக்கும். இந்த ஏற்றம் ஃபைப்ரினோஜன் மீண்டு வருவதைக் காட்டுகிறது. இந்தக் கட்டத்தில் அது நல்ல செய்தி. பின்னர் அடிநோயும் அடங்க, 19-ஆம் நாள் இ.எஸ்.ஆர். 26, சி.ஆர்.பி. 6, ஃபெர்ரிட்டின் 410. 33-ஆம் நாள் இ.எஸ்.ஆர். 12. ஏறி, சரிந்து, மறுபடி சற்று ஏறி, மெல்ல இறங்கிய இந்தக் கோட்டை இ.எஸ்.ஆரை மட்டும் வைத்து எவராலும் படிக்க முடியாது. சி.ஆர்.பி., தட்டணு, ஃபெர்ரிட்டின் ஆகியவற்றை அதே தாளில் பக்கத்தில் எழுதினால் நொடியில் விளங்கும்.

அறிக்கையில் எழுத வேண்டியது

இப்படிப்பட்ட எண்ணை வெறும் '22' என்று அனுப்புவது முறையாகாது. குழந்தைகளின் மேல் வரம்பு வழக்கமாக 10 என்பதால் '22, சற்றே மிகுதி' என்று அச்சாகி, படிப்பவரை இன்னும் திசைதிருப்பும். பயனுள்ள குறிப்பு இப்படி இருக்கலாம்: 'முந்தைய மதிப்பு 74. மாதிரியில் உறைகட்டி இல்லை. மறு மாதிரியில் 20. தகட்டில் ரூலோ இல்லை. சி.ஆர்.பி.யோடு பொருந்தவில்லை. ஃபைப்ரினோஜன் பார்க்கவும்.' இதோடு வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. இ.எஸ்.ஆருக்கு அவசர எச்சரிக்கை வரம்பு எதையும் பெரும்பாலான கூடங்கள் வைத்திருப்பதில்லை, குறைந்த பக்கத்தில் நிச்சயமாக இல்லை.

சில சிகிச்சைகளுக்குப் பின் இந்தக் கணக்கு செல்லாது. இம்யூனோகுளோபுலினை சிரை வழி ஏற்றியிருந்தால் அந்தப் புரதமே இ.எஸ்.ஆரை உயர்த்தும். பிளாஸ்மாவோ கிரையோபிரெசிபிடேட்டோ ஏற்றியிருந்தால் வெளியிலிருந்து வந்த ஃபைப்ரினோஜனையும் சேர்த்தே அளக்கிறோம். டோசிலிசுமாப் மருந்து பெறும் குழந்தையிடம் இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் தடுக்கப்படுவதால் சி.ஆர்.பி.யும் இ.எஸ்.ஆரும் சேர்ந்தே தாழ்ந்துவிடும். காய்ச்சல்கூடத் தெளிவாகத் தெரியாமல் நோய்க்குறி வளரலாம். அவர்களிடம் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தட்டணு, ஃபெர்ரிட்டின், ஏ.எஸ்.டி. மூன்றின் நாள்வாரிப் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.